ஆறு அறைப் பெட்டி

மூன்றாவது துளை போடும்போதுதான் டிரில் மிஷின் கொஞ்சம் முரண்டு பிடித்தது. குவான்மிங் நிமிர்ந்து பார்த்தான்.  அப்பாவுக்குச் சொல்வதற்குக் குரல் இல்லை. பால்கனித் தரையில் குத்துக்காலிட்டு, இரண்டு கைகளாலும் குறட்டை இறுக்கிப் பிடித்திருந்தவர், தாடையால் எண்ணெய் டப்பாவைக் காட்டினார். இரண்டு சொட்டு விட்டதும் மிஷின் வழிக்கு வந்தது. குறட்டின் வாயிலிருந்த ஹார்ட் டிஸ்கிலிருந்து வெள்ளித் துகள்கள் பழைய செய்தித்தாளில் உதிர்ந்தன. வேலை முடிந்ததும் அப்பா குறட்டின் கைப்பிடியால் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். ஒரு தட்டு என்றால் சரி, இரண்டு தட்டு என்றால் வேண்டாம். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அந்த வீட்டில் எல்லோரும் கற்றுக்கொண்ட பேச்சு அது.

குவான்மிங் வேலை பார்ப்பது தைவானில் ஒரு கம்ப்யூட்டர் சிப் தொழிற்சாலையில். பழுதான டிஸ்க் ஒன்று அங்கிருந்து வெளியே போக வேண்டுமென்றால் மூன்று இடத்தில் துளைத்து, படம் எடுத்து, இரண்டு பேர் கையெழுத்துப் போட்டாக வேண்டும். பதினோரு வருஷத்தில் அந்தப் பழக்கம் ஜுபெய்யில் இருக்கும் அவன் வீட்டுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. அப்பாவுக்கு மகனின் இந்தக் கறார்த்தனம் பிடிக்கும். அவரே சொந்த ஊரான யுவான்லினில் முப்பத்தெட்டு வருஷமாக மின்சாமான் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர். எரிந்துபோன மோட்டாரைக்கூடத் துடைத்துத்தான் காயலான்காரனிடம் போடுவார். அன்று காலை மகன் வாங்கி வைத்திருந்த துளைமுனையைப் பார்த்துவிட்டு, இரண்டு தட்டுத் தட்டி, தன் கருவிப் பெட்டியிலிருந்து நல்லதாக ஒன்றை எடுத்துப் பொருத்தினார். அப்பாவும் மகனும் சேர்ந்து ஒரு வேலை செய்து வருஷக்கணக்காகிவிட்டது. குவான்மிங்குக்கு அந்தக் காலை மனசு நிறைந்திருந்தது. பிறகு நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் அந்த நிறைவுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

ஜூலையில் அப்பாவின் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். பாக்கு மெல்வதை விட்டு இருபது வருஷம், சிகரெட்டை விட்டுப் பத்து வருஷம் ஆகியிருந்தது. விட்டதையெல்லாம் உடம்பு கணக்கில் வைத்துக்கொள்ளவில்லை. கழுத்தின் கீழே ஒரு துவாரம், அதன்மேல் சின்னதாக ஒரு துணி, கையில் பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் ஒரு வெள்ளைப் பலகை. ஆஸ்பத்திரி பக்கம் என்பதால் அப்பாவும் அம்மாவும் மகன் வீட்டிலேயே தங்கியிருந்தார்கள். எழுதினால் பேசிக் காட்டும் ஒரு டேப்லெட்டை மருமகள் பெய்யு வாங்கிக் கொடுத்திருந்தாள். அது செய்தி வாசிப்பவனின் மாண்டரினில் பேசியது. முதல் நாள் அது "எனக்குக் கஞ்சி போதும்" என்று சொன்னதைக் கேட்டு அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"யாருடா இந்த ஆளு? வரி ஆபீஸ்லேருந்து பேசுறாப்ல இருக்கு."

அப்பா தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு பலகையில் எழுதினார்: 'இவன வச்சு நான் கட தொறக்க மாட்டேன்.'

அதில் விளையாட்டு இல்லை. தன் குரல் வரும்வரை ஊருக்குப் போவதில்லை என்று அவர் முடிவு கட்டியிருந்தார். கடைக்குப் போன் வந்தால் தைவான் பேச்சில், தன் குரலில், பதில் சொல்ல வேண்டும். அதற்கு ஏற்பாடும் இருந்தது. சிகிச்சைக்கு முன்னால், ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள், குவான்மிங் அவரைத் துணி அலமாரிக்குள் உட்காரவைத்து, சுற்றிலும் மெத்தைப் போர்வைகளைத் தொங்கவிட்டு, ஆயிரத்து நூற்று நாற்பது வாக்கியங்களைப் பதிவு செய்திருந்தான். அவற்றை வைத்து, எழுதுவதையெல்லாம் அப்பாவின் குரலிலேயே பேசும் ஒரு புரோகிராம் எழுதுவதாக வாக்குக் கொடுத்திருந்தான். பேச்சுப் பயிற்சி அம்மாள் கொடுத்த பட்டியலில் 'எனக்குத் தாகமாக இருக்கிறது' என்று ஒரு வரி. "தாகம்னா நானே எந்திரிச்சுப் போயி குடிப்பேன், இத எதுக்கு சொல்லணும்?" என்று அப்பா அலமாரிக்குள்ளிருந்து கேட்டார். அவராகச் சேர்த்த வரிகள்தான் அதிகம். 'மோட்டார் போயிடுச்சு, மாத்தத்தான் வேணும்.' 'நாளைக்கு வாங்க, சாமான் இன்னும் வரல.' 'ஆமிங், சாப்டியா?' ஆமிங் என்றுதான் மகனைக் கூப்பிடுவார். கடைசி ஞாயிறு தொண்டை மிகவும் கரகரத்தது. நிறுத்திக்கொள்ளலாம் என்று மகன் சொன்னபோது, "இருக்கறப்பவே எடுத்துக்க" என்றார்.

எடுத்ததெல்லாம் போய் உட்கார்ந்தது வாசலில் செருப்பு அலமாரியின் மேலிருந்த கறுப்புப் பெட்டியில். ஆறு அறைகள், அறைக்கொரு டிஸ்க், கடைசி அறை மட்டும் காலி. அதுதான் குவான்மிங்கின் வீட்டு சர்வர். பெட்டி நல்லபடியாக நடந்துகொள்ள வேண்டுமென்று, தொழிற்சாலையில் செய்வதைப் போலவே, அதன் தலையில், 'சமத்து' என்று பேர் போட்ட ஒரு பச்சைப் பொட்டலச் சோளப்பொரியும் வைத்திருந்தான். பக்கத்தில் ஈரம் உறிஞ்சும் மிஷின் இரவும் பகலும் முனகிக்கொண்டிருக்கும். பெட்டியை முதலில் பார்த்த நாளிலேயே அப்பா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். அப்போது அவருக்குக் குரல் இருந்தது.

"எது எந்த டிஸ்க்குன்னு எப்படித் தெரியும்? ஒரு லேபிள் வேணாமா? என்னடா இன்ஜினியர் நீ."

மறுநாளே தன் லேபிள் காகிதத்தை வெட்டி, அழகான கையெழுத்தில் எண் எழுதி ஒட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, ஆறு, ஏழு.

"அப்பா, நாலு எங்க?"

"அந்த நம்பர் வேணாம். நோயாளிக் குரல் இருக்கிற பெட்டி. ஆஸ்பத்திரி லிப்ட்லயே அது கெடையாது, பாத்தியா? டாக்டருக்கே பயம், உனக்கென்ன வந்துச்சு."

குவான்மிங் சிரித்தான். பிய்த்துவிடலாமா என்று நினைத்ததும் உண்டு. ஆனால் தொண்டையில் கட்டியோடு இருக்கும் மனிதர் தன் கையால் ஒட்டியது. அவர்கள் பேச்சில் நாலும் சாவும் ஒரே மாதிரி ஒலிக்கும்; சாவு எண்ணைத்தானே விட்டார், விட்டுவிட்டுப் போகட்டும். 'லேபிள் 5 என்பது நான்காம் அறை, 6 என்பது ஐந்தாம் அறை' என்று ஒரு குறிப்பு மட்டும் எழுதி வைத்தான். அந்தக் குறிப்பையும் அதே பெட்டிக்குள்தான் வைத்தான். வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கெட்டிக்காரத்தனம்.

சிகிச்சை முடிந்து எட்டு வாரத்தில் புரோகிராம் தயாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. குவான்மிங் சோம்பேறி இல்லை. தினமும் வேலை முடிந்து வந்து பெட்டியோடுதான் உட்கார்ந்தான். ஆனால் செய்ததெல்லாம் பெட்டிக்கான வேலை. பெட்டியின் சூட்டை வண்ணக் கோடுகளாகக் காட்டும் ஒரு திரை செய்தான். அடியோடு வேறு சிஸ்டத்துக்கு மாற்றினான், பிறகு அது பிடிக்காமல் பழையதற்கே திரும்பினான். மின்விசிறியின் சத்தத்தைக் குறைப்பதற்கு இரண்டு வாரம் போயிற்று. வாய்க்காலைச் செதுக்கிக்கொண்டே இருந்தான், நாற்று நடவில்லை. குரலைத் திறந்து வேலையை ஆரம்பிக்கும்போதெல்லாம் அப்பா அலமாரிக்குள்ளிருந்து "சாப்டியா?" என்று கேட்டார். அது அவனால் தாங்க முடியாததாக இருந்தது, அதனால் மின்விசிறிக்குப் போனான். இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

பெய்யு ஒருமுறை சொல்லத்தான் செய்தாள். "வெளில எங்கயாவது இன்டர்நெட்ல ஒரு நகல் போட்டு வையேன். மாசம் ஒரு காப்பிச் செலவுதான் ஆகும்."

"அடுத்தவன் மிஷின்ல எங்கப்பா குரலப் போடவா? இங்கயே ரெண்டு டிஸ்க்ல இருக்கு, ஒண்ணு போனா ஒண்ணு." அதைத் தொடர்ந்து ஒரு கால்மணி நேரம் பாடமும் எடுத்தான். அவள் துணி மடித்து முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த இரண்டில் ஒன்று கெட்டுக்கொண்டிருப்பதாகச் சனிக்கிழமை காலை சர்வர் அவன் போனுக்குச் செய்தி அனுப்பியது. 'டிஸ்க் 5 பழுதாகிறது, மாற்றவும்.' இதற்காகவே புது டிஸ்க் ஒன்று வாங்கி வைத்திருந்தான். தொழிற்சாலையில் டிஸ்க் மாற்றுவதென்றால் இரண்டு பேர் நிற்க வேண்டும். ஒருவர் டிஸ்கின் வரிசை எண்ணை உரக்கப் படிக்க, அடுத்தவர் திருப்பிச் சொல்ல, இரண்டும் ஒத்துப்போனால்தான் கைவைக்கலாம். பெட்டியின் முன்னால் அன்றும் இரண்டு பேர் நின்றார்கள். ஆனால் திருப்பிச் சொல்ல அப்பாவால் முடியாது. அவர் முன்னால் உரக்கப் படித்துவிட்டு அந்த மௌனத்துக்காக நிற்பதா என்று கூச்சப்பட்டு, குவான்மிங் அந்தச் சடங்கை விட்டுவிட்டான். அப்பா விரலை நீட்டி, தான் எழுதிய ஐந்தைக் காட்டினார். குவான்மிங் அதை உருவி எடுத்தான், புதியதைச் செருகினான், மிச்சமிருந்த டிஸ்கிலிருந்து நகல் எடுக்கச் சொல்லிவிட்டு, எடுத்ததைப் பால்கனிக்குக் கொண்டுபோனான்.

மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் இருக்கும்போது பெட்டி கத்த ஆரம்பித்தது. விட்டு விட்டு ஒரே மாதிரி ஒலி. அம்மா அரிசிக் குக்கரைப் போய்ப் பார்த்தாள். நகல் பதினான்கு சதவீதத்தில் நின்றிருந்தது. 'டிஸ்க் 5 செயலிழந்தது.' ஐந்தைத்தான் எடுத்தாயிற்றே என்று குவான்மிங் நினைத்தான். பிறகு செருப்பு அலமாரியின் முன்னால் முழங்காலிட்டு, லேபிள்களைப் பார்க்காமல், இடமிருந்து வலமாக அறைகளை மட்டும் விரலால் எண்ணினான். ஒருமுறை எண்ணியதே போதுமாயிருந்தது: சர்வர் சொன்னது ஐந்தாம் அறையை, அவன் உருவியது நான்காம் அறையிலிருந்த நல்ல டிஸ்கை. இருந்தாலும் இன்னொருமுறை எண்ணினான்.

பால்கனியில் செய்தித்தாளின்மேல் அந்த டிஸ்க் கிடந்தது. மூன்று துளைகளும் ஒரே அளவு, பிசிறே இல்லை. அப்பாவின் துளைமுனை அல்லவா.

"என்னாச்சு?" என்று பெய்யு படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள். அவன் சொன்னான். சொல்லி முடிக்கும்போது குரல் ஏறிவிட்டது.

"நாலு இருந்திருந்தா இது நடந்தே இருக்காது. சாமி பூதம்னு ஒட்டி வச்சாரே, அந்த லேபிள்தான். அவரே விரல நீட்டிக் காட்டினாரு."

"மெதுவாப் பேசு."

"நான் என்ன தப்பு…"

"எட்டு வாரமா நீ என்ன பண்ணிட்டிருந்த?" அவள் கோபமாகக் கேட்கவில்லை. அவன் கட்டிலில் உட்கார்ந்தான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மாமாகிட்ட டிஸ்க் போச்சுன்னு சொல்லு. லேபிள் பேச்ச மட்டும் எடுக்காத. எப்பவும் எடுக்காத. அவரு தாங்க மாட்டாரு."

தைப்பேயில் தரவு மீட்கும் ஒருவர் இருப்பதாக அலுவலக நண்பன் சொல்லி, திங்கள் காலை இரண்டு டிஸ்குகளையும் எடுத்துக்கொண்டு ரயிலேறினான். அந்த ஆள் முதலில் துளை போட்டதைக் கையில் வாங்கி, துளை வழியே ஜன்னலைப் பார்த்தார்.

"இத யாரு போட்டது?"

"நான்தான்."

"நல்லாப் போட்டிருக்கீங்க" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். மற்றதற்கு ஐந்து நாள் கேட்டார். வெள்ளிக்கிழமை போன் வந்தது. உள்ளே ஊசி தட்டைச் சுரண்டி எடுத்துவிட்டதாம், தூளாகத்தான் இருக்கிறதாம். ஐந்து நாளும் குவான்மிங் நம்பிக்கொண்டிருந்தான் என்பதுதான் வேடிக்கை. வேண்டுதலில் நம்பிக்கையில்லாதவன், பெட்டியின் மேலிருந்த பச்சைப் பொட்டலம் காலாவதியாகிப் பலிக்காமல் போயிற்றோ என்று தேதியைக்கூடத் திருப்பிப் பார்த்தான். இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

அந்த வாரம் முழுக்க அப்பா நல்ல குஷியில் இருந்தார். நிலா விழாவுக்கு ஒன்பது நாள்தான் பாக்கி. தெருக்காரர்கள் கடை வாசலில் அடுப்பு மூட்டி இறைச்சி சுடுவார்கள், அதற்குள் போய்விட வேண்டும். ரயில் நேரத்தைப் பலகையின் மூலையில் எழுதி, அழியாமல் காப்பாற்றி வந்தார். மகனைப் பார்க்கும்போதெல்லாம் தொண்டையைத் தொட்டுக் காட்டி, புருவத்தை உயர்த்தினார். எப்போது என்று அர்த்தம். குவான்மிங் கையை அசைத்துவிட்டு நகர்ந்தான்.

ஞாயிறு மதியம் சாப்பிட்டு முடித்து, அப்பா ஒரு பம்பளிமாஸை எடுத்துத் தோலைக் கீறி உரித்துக்கொண்டிருந்தபோது, இனிமேலும் தள்ளிப்போட்டால் தானே தன்னை மதிக்க முடியாது என்று தோன்றி, சொல்லிவிட்டான்.

"அப்பா, குரல் போயிடுச்சு."

அப்பா அவனைப் பார்த்துவிட்டுத் தன் கழுத்தைத் தொட்டார்.

"அதில்ல. பதிவு பண்ணதெல்லாம். அன்னைக்கு டிஸ்க் மாத்தினேன்ல, அதுல தப்பாயிடுச்சு. ஒண்ணும் மிச்சமில்ல. முன்னாலயே புரோகிராம எழுதி முடிச்சிருந்தா உங்க டேப்லெட்லயாவது இருந்திருக்கும். நான் எழுதல. நாள ஓட்டிட்டேன்."

அம்மா கையிலிருந்த தட்டைத் துடைப்பதை நிறுத்தினாள். அப்பா கத்தியை வைத்தார், விரல்களைத் துடைத்தார், பலகையை எடுத்தார். பழுதுபார்க்கிறவர் கேட்கும் முதல் கேள்வியைத்தான் கேட்டார்: 'எந்த நம்பர் போச்சு?'

பெய்யு அவனைப் பார்த்தாள். "அஞ்சு" என்றான் குவான்மிங். "அஞ்சும் ஆறும் ஜோடி. ரெண்டும் ஒரே நேரத்துல போயிடுச்சு. யாராலயும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

 அப்பா ரயில் நேரத்தைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு, அந்த இடத்தில் எழுதினார்: 'டிஸ்க்தான போச்சு. மனுசன் போகலயே.' மகனின் புறங்கையில் ஒரு தட்டுத் தட்டினார். சுளை ஒன்றை எடுத்து அவன் பக்கம் தள்ளினார். குவான்மிங் அதை வாயில் போட்டுக்கொண்டான்.  அழுதுவிட்டால் அதற்கும் இவரே ஆறுதல் எழுத வேண்டியிருக்கும் என்று மென்றுகொண்டே இருந்தான்.

"இருங்க இருங்க," என்றாள் அம்மா. தட்டை வைத்துவிட்டு மேலங்கிப் பையைத் துழாவினாள். "எங்கிட்ட ஒண்ணு இருக்குடா. மொத நாளு, அலமாரிக்குள்ள இந்த மனுசன் போயி உக்காந்தது திருடனாட்டம் இருந்துச்சா, படம் எடுக்கலாம்னு போன நீட்டினேன். படம் விழுகல. ஆனா சத்தம் விழுந்திருக்கு. கண்ணாடி எங்க… பெய்யு, நீ அமுக்கும்மா."

பெய்யு வாங்கி அமுக்கினாள். திரை இருட்டாக இருந்தது, போர்வையாக இருக்க வேண்டும். ஒரு செருமல் கேட்டது. பிறகு, இரண்டு மாதமாக அந்த வீட்டில் இல்லாத குரல், கரகரவென்று, அருகில், அலமாரி முழுக்க நிறைந்து வந்தது.

"கேக்குதாடா? ஆமிங்? எண்ணிக் காட்டவா? ஒண்ணு. ரெண்டு. மூணு. அஞ்சு. ஆறு. போதுமா?"

பின்னாலிருந்து அம்மாவின் சிரிப்பு. "ஒண்ண முழுங்கிட்டாரு பாரு." அவ்வளவுதான், பதினோரு வினாடி.

பெய்யுவின் விரல் போனின்மேல் அப்படியே நின்றது. அப்பா முகம் மலர்ந்து சிரித்தார். தன் குரலைக் கேட்டவர் தலையை ஆட்டிக்கொண்டே, இன்னும் ஒருமுறை என்று விரலால் காட்டினார். அம்மா போனைப் பிடுங்கித் தானே அமுக்கினாள். ஒண்ணு, ரெண்டு, மூணு, அஞ்சு. இரண்டாம் முறை கேட்கும்போது அப்பாவின் சிரிப்பு உதட்டில் இருந்தது, கண்ணில் இல்லை. அவர் வாசல் பக்கம் திரும்பியிருந்தார்.

"அப்பா," என்றான் குவான்மிங்.

அவர் எழுந்து போனார். செருப்பு அலமாரியின் முன்னால் நின்று மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பச்சைப் பொட்டலத்தை எடுத்து ஓரமாக வைத்தார். விரலை நீட்டி, இடமிருந்து வலமாக, ஒவ்வோர் அறையாகத் தொட்டுக்கொண்டே போனார். நான்காவது அறையில் விரல் நின்றது. அங்கே பளபளவென்று புது டிஸ்க் இருந்தது. அதன் கீழே அவருடைய அழகான கையெழுத்தில் ஐந்து.

குவான்மிங் எழுந்து பாதி தூரம் போய் நின்றுவிட்டான். உங்க தப்பு இல்லப்பா என்று சொல்ல வாயெடுத்தான். சொன்னால் அது அவர் தப்பு என்று சொல்வதாகிவிடும் என்று அதுவும் நின்றுபோயிற்று. அப்பா திரும்பவில்லை. பலகை மேஜையிலேயே கிடந்தது. அவர் கட்டைவிரல் நகத்தை லேபிளின் மூலையில் கொடுத்து நெம்பினார். அவர் ஒட்டியது எதுவும் லேசில் வராது. ஒரு நூல் கிழிந்து வந்தது, பிறகு இன்னொன்று. கழுத்துத் துணி வேகமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"எங்க போறாரு இவரு? இங்க வந்து கேளுங்க," என்று மேஜையிலிருந்து அம்மா கூப்பிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு, அவள் மறுபடியும் அமுக்கினாள்.

"கேக்குதாடா? ஆமிங்? எண்ணிக் காட்டவா?"